பழைய லேப்டாப்பில் ஹைக்கூ ஓடுமா?

கேள்வி: 2009-ல் வாங்கிய லேப்டாப் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. கோர் 2 டியோ பிராசசர், 2 ஜிபி ராம், 160 ஜிபி ஹார்டு டிஸ்க். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் அதில் ஹைக்கூ ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறாள். மெஷின் தாங்குமா? ராம் கூடுதலாக வாங்க வேண்டுமா?

பதில்: ஒரு பைசா செலவு செய்ய வேண்டாம். ஹைக்கூவுக்குக் குறைந்தபட்சம் பென்டியம் 2 பிராசசர், 384 எம்பி ராம், 3 ஜிபி இடம் இருந்தால் போதும். சௌகரியமாகப் புழங்க 2 ஜிபி ராமும் 16 ஜிபி இடமும் வேண்டும் என்கிறார்கள். அதுவும் உங்களிடம் இருக்கிறது. 1990-களின் மெஷின்களுக்காக உருவான பிஓஎஸ் என்ற சிஸ்டத்தின் வடிவமைப்பைப் பின்பற்றி, 2001 முதல் ஆர்வலர்கள் புதிதாக எழுதிவருவது இது. அதனால்தான் இவ்வளவு லேசு. பிரவுசரில் நிறைய டேப் திறந்தால் மட்டும் 2 ஜிபி திணறும்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது டிரைவர்களைப் பற்றித்தான். வைஃபை டிரைவர்களை ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி சிஸ்டங்களிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். இன்டெல், ஏதெராஸ் சிப் என்றால் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. பிராட்காம் என்றால் மல்லுக்கட்ட வேண்டிவரலாம். வைஃபை கிடைக்காவிட்டால் லேன் கேபிளைச் செருகுங்கள். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி வழியாக இணைத்து டெதரிங் போட்டும் பார்க்கலாம். திரையில் படம் எப்படியும் வந்துவிடும். ஆனால் கிராபிக்ஸ் சிப்பின் 3டி வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். எல்லா வேலையும் பிராசசர் தலையில்தான் விழும். எச்டி வீடியோ தடுமாறும்.

ஹார்டு டிஸ்கைத் தொடாமலே இதையெல்லாம் சோதித்துவிடலாம். 4 ஜிபி பென் டிரைவ் ஒன்றை எடுத்து, அதில் 64-பிட் இமேஜை எழுதுங்கள். பழைய பிஓஎஸ் மென்பொருள்களை ஓட்டிப் பார்க்கும் ஆசை இருந்தால் மட்டும் 32-பிட். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கவனம். பயாஸில் யூஎஸ்பியை முதலில் வைத்து பூட் செய்தால், திரையில் ஏழு சின்னங்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். முதலில் அணு, கடைசியில் ராக்கெட். எங்கே நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. நான்காவதான டிஸ்க் சின்னத்தில் நின்றால், பென் டிரைவை சிஸ்டத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பொருள். வேறு யூஎஸ்பி போர்ட்டில் செருகிப் பாருங்கள். ராக்கெட் வரை போய்த் திரை கறுத்துவிட்டால், பூட் ஆகத் தொடங்கும்போதே ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடியுங்கள். ஒரு மெனு வரும். அதில் ஃபெயில்-சேஃப் வீடியோ டிரைவரைத் தேர்ந்தெடுங்கள்.

டெஸ்க்டாப் வந்ததும் வைஃபை, ஒலி, டச்பேட் மூன்றையும் மகளே சோதிக்கட்டும். ஒரு வாரம் பென் டிரைவிலேயே புழங்கட்டும். கெர்னல் முதல் டெஸ்க்டாப் வரை ஒரே குழு எழுதிய சிஸ்டம் இது. மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. கம்ப்யூட்டர் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று அறிய விரும்பும் பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பிடித்துப்போய் டிஸ்கில் நிறுவுவதானால், போட்டோக்களை முதலில் வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். ஹைக்கூவின் இன்ஸ்டாலர் விண்டோஸ் பார்ட்டிஷனைச் சுருக்கித் தராது. விண்டோஸுக்குள்ளேயே டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 20 ஜிபி ஒதுக்கிவிட்டுப் பிறகு தொடங்குங்கள்.