ஜீப்பை உயர்த்திய பிறகு ஏன் அதிர்கிறது?

கேள்வி: போடிநாயக்கனூரில் இருக்கிறேன். ஏலத்தோட்டத்துக்குப் போய்வர பழைய மஹிந்திரா ஜீப் வைத்திருக்கிறேன். தோட்டப் பாதையில் அடிபடாமல் இருக்க, ஆக்ஸிலுக்கு அடியில் இருந்த பட்டை ஸ்பிரிங்கை மேலே மாற்றி வைத்தோம். பட்டறையில் பின் ஆக்ஸிலைத் திருப்பி, பினியன் ட்ரான்ஸ்ஃபர் கேஸை நேராகப் பார்க்கும்படி ஸ்பிரிங் சீட்டை வெல்டு செய்தார்கள். முன் ஆக்ஸிலையும் அதேபோல் திருப்பினார்கள். இப்போது 40 கிலோமீட்டர் வேகம் தாண்டியதும் தரையே அதிர்கிறது. ஷாஃப்டை லேத்தில் கொடுத்து பேலன்ஸ் செய்தும், கிராஸ் மாற்றியும் நிற்கவில்லை. வளைவில் திருப்பிய ஸ்டீயரிங்கும் தானாகத் திரும்பி வருவதில்லை. அளந்த கோணங்கள்: ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பின்பக்கம் 3 டிகிரி கீழ்நோக்கி, ஷாஃப்ட் 17 டிகிரி சரிவு, பினியன் 16 டிகிரி மேல்நோக்கி. ஷாஃப்டின் நீளம் 26 அங்குலம். ஆக்ஸிலை மறுபடி வெட்ட வேண்டுமா?

பதில்: பின் ஆக்ஸிலை வெட்ட வேண்டாம். முன் ஆக்ஸிலை வெட்டத்தான் வேண்டும். கோணங்களை அளந்து அனுப்பியதற்கு நன்றி. பெரும்பாலானோர் 'அதிர்கிறது' என்பதோடு நிறுத்திவிடுவார்கள், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

முதலில் பேலன்ஸ் விஷயம். எடை ஒரு பக்கம் கூடிய ஷாஃப்ட், சுற்றுக்கு ஒரு முறை உதறும். வேகம் கூடக்கூட மோசமாகும். கோணத்தால் வரும் அதிர்வு சுற்றுக்கு இரண்டு முறை துடிக்கும். குறைந்த வேகத்திலேயே தெரியும், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் இருக்கும். 40-லேயே தொடங்குகிறது என்பதால் லேத் பட்டறையைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

கிராஸ் ஜாயிண்டின் இயல்பு இது: கோணத்தில் சுழலும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் சீராக இருக்காது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். 5 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் அரை சதவீதத்துக்கும் குறைவு. உங்கள் மேல் ஜாயிண்ட் வேலை செய்வது 17-இல் 3 போக 14 டிகிரியில். அங்கே அது இரு பக்கமும் 3 சதவீதம். ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடுகிறது என்றால், உண்மையில் 1,455-க்கும் 1,545-க்கும் இடையே நிமிடத்துக்கு 3,000 முறை துடிக்கிறது.

ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸ் வைத்திருப்பதே இதைச் சரிக்கட்டத்தான். இரண்டு கோணமும் சமமாக இருந்தால் மேல் ஜாயிண்ட் கெடுத்ததைக் கீழ் ஜாயிண்ட் நேராக்கிவிடும். உங்கள் கீழ் ஜாயிண்டின் கோணமோ 17-க்கும் 16-க்கும் உள்ள வித்தியாசம், வெறும் 1 டிகிரி. 14 டிகிரியின் துடிப்பை 1 டிகிரியால் அடக்க முடியாது. அது அப்படியே கிரவுனுக்குப் போய், ஸ்பிரிங் வழியாக உங்கள் காலடிக்கு வருகிறது.

அப்படியானால் பினியனை 3 டிகிரிக்கு இறக்கி, ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு இணையாக வைத்துவிடலாமே என்று தோன்றும். நீளமான ஷாஃப்டாக இருந்தால் நானும் அதையே சொல்வேன். 26 அங்குல ஷாஃப்டுக்குச் சொல்ல மாட்டேன். ஆக்ஸிலைத் திருப்பும்போது பினியனின் மூக்கு கீழே இறங்கும். ஆக்ஸில் நடுவிலிருந்து ஜாயிண்ட் வரை 10 அங்குலம் என்று வைத்தால், 13 டிகிரி திருப்பும்போது மூக்கு 2 அங்குலத்துக்கு மேல் இறங்குகிறது. குட்டை ஷாஃப்டில் அது ஏறக்குறைய 5 டிகிரி கூடுதல் சரிவு. கடைசியில் இரண்டு ஜாயிண்டும் சமமாக 19 டிகிரியில் வந்து நிற்கும். கிரவுனுக்கு வேகம் சீராகப் போகும், ஆனால் நடுவில் ஷாஃப்ட் மட்டும் தன் முழு எடையோடு ஏறக்குறைய ஐந்தரை சதவீதம் முந்திப் பிந்திக்கொண்டிருக்கும். லோ கியரில் தோட்டத்துக்குள் ஊர்ந்து போகலாம். தேனி ரோட்டில் ஓட்டினால் கிராஸ் தாங்காது.

உங்கள் பட்டறைக்காரர் பினியனை வைத்திருக்கும் கோணம் தவறே அல்ல. வேறொரு ஷாஃப்டுக்கு உரிய கோணம் அது. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரண்டு கிராஸை அடுத்தடுத்து வைத்துக் கட்டிய டபுள் ஜாயிண்ட் ஷாஃப்ட் உண்டு. அதில் 14 டிகிரியை இரண்டு கிராஸும் ஏழு ஏழாகப் பங்கிட்டுத் தமக்குள்ளேயே சரிசெய்துகொள்ளும்; ஷாஃப்ட் சீராகச் சுழலும். அந்த ஷாஃப்டுக்குப் பினியன் ட்ரான்ஸ்ஃபர் கேஸைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் 1 அல்லது 2 டிகிரி தாழ்வாக. வண்டி இழுக்கும்போது பட்டை முறுக்கிக்கொண்டு பினியனின் மூக்கு மேலே ஏறும் என்பதால் அந்த இடைவெளி. உங்களுக்கு 1 டிகிரி இருக்கிறது. ஸ்பிரிங் மேலே போன வண்டியில் முறுக்கு அதிகம், ஆகவே 2 டிகிரி இருந்தால் எனக்கு இன்னும் திருப்தி. முழுப் பூஜ்யம் எப்போதும் வேண்டாம்: கிராஸுக்குள் இருக்கும் ஊசி பேரிங் கொஞ்சமாவது உருள வேண்டும், அசையாமல் நின்றால் ஒரே இடத்தில் குழி விழும்.

செலவு செய்வதற்கு முன் ஒரு சோதனை. பின் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, முன் ஹப்பை லாக் செய்து, 4-வீலில் போட்டு, சமதளமான காலி ரோட்டில் அதே வேகம் வரை ஓட்டிப் பாருங்கள். முன் ஷாஃப்டின் அதிர்வும் கொஞ்சம் கலந்து வரலாம். ஆனால் பழைய துடிப்பு போய்விட்டால் பின் ஷாஃப்ட்தான் காரணம் என்பது உறுதி. பல பழைய ஜீப்புகளில் கைப்பிரேக் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கத்தில் இருக்கும். பின் ஷாஃப்ட் இல்லாதபோது அது பின் சக்கரத்தைப் பிடிக்காது. மேட்டில் செய்யாதீர்கள், நிறுத்தியதும் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கழற்றும் முன் ஸ்ப்ளைன் இரு பக்கமும் பஞ்ச் அடையாளம் போடுங்கள். திரும்பப் பூட்டும்போது ஒரு பல் மாறினாலும் இரண்டு யோக்கும் ஒரே நேரில் நிற்காமல் புதிய அதிர்வு கிளம்பும். நல்ல மெக்கானிக்கும் அவசரத்தில் தவறவிடும் இடம் இது.

புதிய ஷாஃப்டுக்கு அளவு கொடுக்கும்போது வண்டி சமதளத்தில், வழக்கமான பாரத்தோடு, நான்கு சக்கரத்திலும் நிற்க வேண்டும். ஜாக்கியில் தொங்கவிட்டு எடுக்கும் அளவு உதவாது. ஆனால் பிறகு சேஸியைத் தூக்கி ஆக்ஸிலை முழுதாகத் தொங்கவிட்டும் பாருங்கள்: ஸ்ப்ளைன் கழன்றுவிடும் அளவுக்கு நீள்கிறதா, ஷாஃப்டைக் கையால் சுற்றினால் யோக் எங்காவது இடிக்கிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா? டபுள் ஜாயிண்டுக்கும் ஓர் எல்லைக் கோணம் உண்டு. தொங்கும் நிலையின் கோணத்தையும் ஷாஃப்ட் செய்பவரிடம் சொல்லிவிடுங்கள். பினியன் இவ்வளவு நிமிர்ந்திருப்பதால் அதன் முன் பேரிங்குக்கு எண்ணெய் போய்ச்சேர்வது குறையும், எண்ணெய் ஊற்றும் துளையும் இடம் மாறியிருக்கும். பழைய மட்டத்துக்குச் சற்று மேலாகவே கிரவுன் ஆயில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி முன் ஆக்ஸில். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான், ஏனென்றால் அதிர்வு எரிச்சல், இது ஆபத்து. முன்பக்கம் பினியனை மேலே திருப்பினால் கிங்பின்னின் தலை முன்னால் சாயும், காஸ்டர் எனப்படும் அதன் பின்சாய்வு போய்விடும். ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராததற்குக் காரணம் அதுவே. போடிமெட்டு இறக்கத்தில் அந்த வண்டியை ஓட்டாதீர்கள். சீட்டை வெட்டி, காஸ்டர் 4 முதல் 6 டிகிரி வரும்படி ஆக்ஸிலைப் பின்னுக்குத் திருப்பி வெல்டு செய்யச் சொல்லுங்கள். முன் ஷாஃப்டின் கோணம் கெடும், கெடட்டும். ஹப் ஃப்ரீயாக இருக்கும்போது அது சுழல்வதே இல்லை, சேற்றில் லோ கியரில் ஊரும் வேகத்தில் அதன் அதிர்வு உங்களுக்குத் தெரியப்போவதுமில்லை. ஜாயிண்ட் இடிக்கிறதா என்பது மட்டும் முக்கியம்.

இந்த மாற்றங்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்குள் வருபவை. தோட்டத்துக்கு வெளியே பொதுச்சாலையில் ஓட்டுவதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு, முன் ஆக்ஸிலில் தொடங்குங்கள். ஷாஃப்ட் அடுத்த மாதம் வந்தாலும் பரவாயில்லை.