‘மறுத்தார்’ என்று எழுதாதே

அன்பு மகளுக்கு,

டிமென்ஷியா முற்றிய அந்தப் பாட்டியை அவர் வீட்டிலேயே இருந்து ஆறு மாதமாகப் பார்த்துக்கொள்வதை நீ எழுதியிருந்தாயே, நேற்று ராத்திரி ஒரே மூச்சில் படித்தேன். வாயில் வைத்த கஞ்சி தொண்டையில் இறங்கும்வரை அடுத்த கரண்டியை எடுக்காமல் காத்திருந்தேன் என்கிறாய். 30 வருஷம் வார்டில் வேலை பார்த்தவள் சொல்கிறேன், அந்தப் பத்தியைப் போல ஒன்றை நான் இதுவரை படித்ததில்லை.

ஆனால் ‘மாத்திரை சாப்பிட மறுத்தார்’ என்று ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறாய். எனக்குக் கோபமே வந்துவிட்டது. மறுப்பதற்கு, அது மாத்திரை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. உதட்டை இறுக்கினாரா, தலையைத் திருப்பினாரா, துப்பினாரா? கண்ணால் கண்டதை எழுது.

பொடித்து ரசஞ்சாதத்தில் கலந்தேன் என்கிறாய். எந்த மாத்திரையை? மெதுவாகக் கரைய வேண்டியதைப் பொடித்தால் நாள் முழுக்கச் சேர வேண்டிய மருந்து ஒரேயடியாக உடம்பில் ஏறிவிடும். கசப்பு பட்டால் சோற்றையும் துப்பிவிடுவார். டிமென்ஷியாவுக்குக் கொடுக்கும் டோனெபெசில் நாக்கில் வைத்தாலே கரையும் மாத்திரையாகவும் கிடைக்கிறது. அதே நோய்க்கான ரிவாஸ்டிக்மைன் தோலில் ஒட்டும் பேட்ச்சாக வருகிறது. (பழையதை எடுத்துவிட்டுத்தான் புதியதை ஒட்ட வேண்டும். ஒரே முதுகில் மூன்று பேட்ச் பார்த்தவள் நான்.) முதலில் டாக்டரைக் கேட்டிருக்க வேண்டும்.

என் மாமியார் கடைசி வருஷத்தில் பக்கத்தில் போனாலே அடித்தார். குணமே மாறிப்போச்சு என்றோம். அமைதிப்படுத்த, மனநோய்க்குத் தரும் மாத்திரை ஒன்றை எழுதிக்கொடுத்தார்கள். பகலெல்லாம் தூங்கினார், சாப்பிடும்போது புரையேறியது. டிமென்ஷியா வந்த முதியவர்களுக்கு அந்த வகை மருந்துகள் உயிருக்கே ஆபத்தைக் கூட்டும் என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்திருந்தது. ஒருநாள் ரவிக்கை மாட்டும்போதுதான் கவனித்தேன்: வலது கையைத் தூக்கினால் மட்டுமே அடி விழுந்தது. தோள்மூட்டு இறுகிப்போயிருந்தது. வலிக்கிறது என்று சொல்ல அவரிடம் ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை. டாக்டரிடம் சொன்னேன். குளிப்பாட்டுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு பாரசிட்டமால் கொடுக்கச் சொன்னார். ரவிக்கையை விட்டு, முன்பக்கம் முழுக்கத் திறக்கிற தொளதொள நைட்டிக்கு மாறினோம். போடும்போது வலிக்கிற கை முதலில், கழற்றும்போது அதுதான் கடைசியில். பத்து நாளில் அடிப்பது நின்றது. அந்த மாத்திரையையும் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. நார்வேயில் 18 முதியோர் இல்லங்களில், டிமென்ஷியா ஓரளவாவது முற்றிய 352 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2011-ல் வெளியிட்டார்கள். ஒரு பாதிப்பேருக்கு 8 வாரம் முறையாக வலி மருந்து கொடுத்தார்கள், பெரும்பாலும் வெறும் பாரசிட்டமால்தான். மற்றவர்களைவிட அவர்களிடம் கத்தலும் அடிதடியும் நன்றாகக் குறைந்தன. நோயாளி முரண்டு பிடிக்கிறார் என்று யார் சொன்னாலும் பல், தோள், முழங்கால், மலச்சிக்கல், மூத்திரம் என்று நான் வரிசையாகக் கேட்பது இதனால்தான்.

உன் கட்டுரையை மறுபடி எடுத்துப் பார். ஒன்பது இடத்திலும் காலை வேளை. ஒன்பது இடத்திலும் குளித்து முடித்த கையோடு. ராத்திரி மாத்திரையை அந்தம்மா ஒருநாளும் துப்பவில்லை. நீயே எழுதி வைத்திருக்கிறாய், நீயே பார்க்கவில்லை.

நாளைக் காலை குளிப்பாட்டும்போது அவசரப்படாமல் ஒவ்வொரு கையாக, ஒவ்வொரு காலாக அசைத்து, முகத்தைப் பார். பார்த்ததை எனக்கு எழுது.