உழைத்துக் களைத்த மனதுக்கு அல்லாஹ்வின் படைப்பு தரும் ஆறுதல்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் நபி (ஸல்) அவர்கள் மீது உண்டாகட்டும்.



அய்யலூர் வட்டாரத்தில் உழைப்பு விடியலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு இருட்டிலேயே வண்டிகள் வந்துவிடும். தக்காளி கொண்டுவருபவருக்கு அன்றைய விலைதான் அன்றைய மனநிலை. வேடசந்தூர்ப் பக்கத்து மில்களில் ஷிப்ட் மாறி மாறி வரும். ஹலாலான ரிஸ்க்குக்காகப் படும் பாடு நன்மைக்குரியது. ஆனால் எரிச்சல் மிகுந்து, பிள்ளைகளிடம் கடுகடுக்கும் நிலை வந்தால் என்ன செய்வது? மார்க்கம் காட்டும் வழிகளில் ஒன்று நம் கண்ணெதிரிலேயே இருக்கிறது.

பார்ப்பதும் ஓர் அமல்

வானம் பூமியின் படைப்பைச் சிந்திப்பவர்களை ஆலு இம்ரான் அத்தியாயம் (3:190, 191) அறிவுடையோர் என்கிறது. அந்நஹ்ல் அத்தியாயம் (16:5, 6) கால்நடைகளால் கிடைக்கும் உணவையும் கதகதப்பையும் முதலில் சொல்கிறது. அடுத்து, அவை காலையில் மேய்ச்சலுக்குப் போவதிலும் மாலையில் திரும்புவதிலும் உள்ள அழகைத் தனியாகச் சொல்கிறது. ஆட்டின் எடையை மட்டும் கணக்கிடும் கண்ணுக்கு இது ஒரு பாடம். நபி (ஸல்) அவர்களும் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தவர்கள்தான் (புகாரீ).

தொழுகையும் வானமும்

ஐவேளைத் தொழுகையின் நேரங்கள் சூரியனைப் பின்பற்றியவை. உச்சி சாய்ந்தால் ளுஹர், நிழல் நீண்டால் அஸர், சூரியன் மறைந்தால் மஃக்ரிப். இன்று போன் ஒலித்ததும் நேரம் தெரிந்துவிடுகிறது. வானத்தைப் பார்க்க மறந்துவிடுகிறோம். தொழச் செல்லும்போது இரண்டு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். குளிர்ந்த நீரில் நிதானமாக உளூச் செய்யுங்கள். வேலையின் இறுக்கம் சற்றுத் தளரும்.

1984ல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் குறைவாகவே அவர்களுக்குத் தேவைப்பட்டது.

தேவாங்கும் நம் ஈமானும்

அய்யலூரைச் சுற்றியுள்ள குன்றுக் காடுகளில் தேவாங்கு வாழ்கிறது. 2022 அக்டோபரில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காடு கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் முதல் தேவாங்கு சரணாலயம் இதுவே. இரவில் இரை தேடும் இந்தச் சிறு உயிர் பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு உதவுகிறது. இதைக் கெட்ட சகுனம் என்பவர்களும், மாந்திரீகத்துக்குப் பிடிப்பவர்களும் உண்டு. சகுனம் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். உயிரினங்கள் யாவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று குர்ஆன் (6:38) உணர்த்துகிறது. காட்டில் ஆறுதல் தேடுபவர் காட்டுயிரை வதைக்கலாமா?

வேலை வாங்குபவர்களுக்கு

பணியாளரின் சக்திக்கு மீறிச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் உதவுங்கள் என்பது நபிமொழியின் கருத்து (புகாரீ). வேப்பமர நிழலைக் காட்டிவிட்டுக் கூலியைக் குறைப்பது நீதியல்ல. நியாயமான கூலி, போதிய ஓய்வு, காற்றும் வெளிச்சமும் உள்ள இடம் ஆகிய மூன்றும் சேர்ந்தே வேண்டும்.

இந்த வாரம் செய்வோம்

• ஃபஜ்ர் தொழுதபின் பத்து நிமிடம் திறந்த வெளியில் நடந்தபடி திக்ரு செய்யுங்கள். இரவு ஷிப்டுக்காரர்கள் முதலில் தூக்கத்தை நிறைவு செய்யுங்கள். உடலுக்கும் உங்கள் மீது உரிமை உண்டு.
• மதிய உணவை முடிந்தால் மரத்தடியில், போனை ஒதுக்கிவைத்துச் சாப்பிடுங்கள்.
• வேலையிடத்தில் ஒரு மரக்கன்று நடுங்கள். அதிலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் நட்டவருக்கு அது ஸதகா (புகாரீ, முஸ்லிம்).
• மனச்சோர்வு நீடித்தால் மருத்துவரிடம் செல்லத் தயங்காதீர்கள். மருத்துவம் செய்வதும் சுன்னத்தே.

நம் உழைப்பில் பரக்கத்தையும், உள்ளத்தில் அமைதியையும், படைப்பினங்கள் மீது இரக்கத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.