பாட்டிக்கு எந்தத் தையல் இயந்திரம்?

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பாட்டி ஓர் இழுவைப் பையுடன் நின்றுகொண்டிருந்தார். பைக்குள் அண்டை வீட்டாரிடம் இரவல் வாங்கிய பழைய தையல் இயந்திரம் இருந்தது. இரும்பால் ஆனது, எடை 11 கிலோ. சமூக மன்றம் மூன்று பேருந்து நிறுத்தங்கள் தள்ளித்தான் இருக்கிறது. ஆயினும், வீட்டு வாசற்படி, பேருந்து, வகுப்பறை மேசை என்று ஒவ்வோர் இடத்திலும் அதைத் தூக்கி இறக்க வேண்டியிருந்தது. மாலையில் வீடு திரும்பியபோது பாட்டியின் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"அடுத்த வாரம் நான் போகப்போவதில்லை," என்றார் பாட்டி.

உயர்நிலை மூன்றில் பயிலும் பேத்திக்கு அது வருத்தமாக இருந்தது. துண்டுத் துணிகளை இணைத்து 'குவில்ட்' போர்வை தைக்கும் அந்த வகுப்பில் பாட்டி ஆசையோடு சேர்ந்திருந்தார். பெர்த் நகரில் வசிக்கும் மகளின் நான்கு வயது மகனுக்கு ஒரு போர்வை தைக்க வேண்டும். டிசம்பர் விடுமுறையில் அங்குச் செல்லும்போது இயந்திரத்தையும் எடுத்துச்சென்று, மீதி வேலையை அங்கேயே முடிக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம்.

"வகுப்பை விடவேண்டாம், பாட்டி. இயந்திரத்தை மாற்றிவிடலாம்," என்றாள் பேத்தி.

பாட்டியிடம் சேமிப்பாக 350 வெள்ளி இருந்தது. அதற்குள் என்ன வாங்கலாம் என்று இருவரும் தேடத் தொடங்கினர்.

முதலில் பேத்தியின் கண்ணில் பட்டது, கைப்பை அளவே இருந்த ஒரு சிறு இயந்திரம். மின்கலத்தில் இயங்குவது, விலையும் மிகக் குறைவு. "இது உங்கள் கைக்கு வலியே தராது," என்று மகிழ்ந்தாள். பாட்டி படத்தைக் கூர்ந்து பார்த்தார். "இது சட்டைப் பித்தானுக்குப் பக்கத்தில் கிழிந்ததைத் தைக்கும், கண்ணு. போர்வையைத் தைக்குமா?" என்று கேட்டார்.

பாட்டியின் ஐயம் சரியானதே. குவில்ட் போர்வையில் மூன்று அடுக்குகள் உண்டு. மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத்துணி. இம்மூன்றையும் ஊசி துளைத்துச் செல்ல வேண்டும். தையல்கள் சந்திக்கும் இடங்களில் துணி மடிந்து இன்னும் தடிப்பாகிவிடும். மின்கலத்தில் இயங்கும் சிறு இயந்திரத்தின் மோட்டாருக்கு அவ்வளவு வலிமை இல்லை. ஊசி பாதியில் நின்றுவிடும். அல்லது தையல் விட்டுவிட்டு விழும். உடம்பு முழுவதும் நெகிழியாக இருப்பதால், சற்று வேகம் கூட்டினால் மேசைமேல் நகரவும் தொடங்கும்.

ஆக, இரண்டு தேவைகள் ஒன்றை ஒன்று எதிர்க்கின்றன. எடை கூடினால் இயந்திரம் அசையாமல் நின்று தடித்த துணியைத் தைக்கும். ஆனால், தூக்க முடியாது. எடை குறைந்தால் எளிதாகத் தூக்கலாம், ஆனால், தைக்காது. தேக்கா நிலையத்தின் மேல்மாடியில் தையற்காரர்கள் பயன்படுத்தும் இயந்திரங்கள் மேசையோடு சேர்த்துப் பொருத்தப்பட்டவை. அவர்கள் அவற்றை எங்கும் தூக்கிச் செல்வதில்லை. பாட்டியின் நிலை வேறு.

இந்தச் சிக்கலுக்கு 1933ஆம் ஆண்டிலேயே ஒரு விடை கிடைத்தது. சிங்கர் நிறுவனம் அவ்வாண்டு 'ஃபெதர்வெயிட்' என்னும் இயந்திரத்தை வெளியிட்டது. இரும்புக்குப் பதிலாக அலுமினியத்தில் வார்க்கப்பட்டதால், அதன் எடை ஏறக்குறைய 5 கிலோதான். ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிவிடும். அதற்கு நேர்த்தையல் மட்டுமே போடத் தெரியும்; வளைவுத் தையலோ பூத்தையலோ கிடையாது. அப்படியிருந்தும், போர்வை தைப்போர் இன்றுவரை பழைய ஃபெதர்வெயிட் இயந்திரங்களைத் தேடிப்பிடித்து வாங்குகின்றனர். துண்டுகளை இணைப்பதற்கு நேர்த்தையலே போதும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கடைகளிலோ நிலைமை தலைகீழ். '60 வகைத் தையல்கள்', '100 வகைத் தையல்கள்' என்று பெட்டியின்மேல் பெரிய எழுத்துகளில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணிக்கைக்காக ஒருவர் கூடுதலாகத் தரும் பணம், போர்வை தைப்பவரைப் பொறுத்தவரை பெரும்பாலும் வீண். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு தையல். அது கோணாமல் விழ வேண்டும்.

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்கு காட்டும். பாட்டியின் போர்வை 100 சென்டிமீட்டர் அகலம். ஒரு வரிசையில் 10 சதுரங்கள். அவற்றை இணைக்க 9 தையல்கள். துணியின் ஓரத்திலிருந்து ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் உள்ளே தைக்க வேண்டும். ஒவ்வொரு தையலும் 1 மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே போய்விட்டால், இருபுறத் துணியிலும் சேர்த்து 2 மில்லிமீட்டர் குறையும். ஒன்பது தையல்களுக்கு 18 மில்லிமீட்டர்! அடுத்த வரிசையில் தையல் சரியாக விழுந்தால், இரண்டு வரிசைகளும் ஒன்றோடொன்று பொருந்தாது. இதைத் தவிர்க்க, 6 மில்லிமீட்டர் அளவைக் காட்டும் தனிப் பாதம் ஒன்று கிடைக்கிறது. துணியை அழுத்திப் பிடிக்கும் உலோகத் துண்டைத்தான் பாதம் என்பர்.

இன்னொரு பாதமும் தேவைப்படும். ஊசிக்குக் கீழே உள்ள சிறு பற்களே துணியைப் பின்னோக்கி நகர்த்துகின்றன. அவை அடித்துணியை மட்டுமே பற்றி இழுக்கும். மேல்துணி பின்தங்கிச் சுருங்கும். இரண்டு துணிகளைத் தைக்கும்போது இது தெரியாது. மூன்று அடுக்குகளைத் தைக்கும்போது நன்றாகவே தெரியும். மேலேயும் பற்கள் கொண்ட 'நடக்கும் பாதம்' பொருத்தினால், எல்லா அடுக்குகளும் ஒன்றாக நகரும். பல இயந்திரங்களோடு இது வருவதில்லை. தனியாக வாங்க வேண்டும். எனவே, கையிலுள்ள 350 வெள்ளியையும் இயந்திரத்துக்கே செலவழித்துவிடக்கூடாது என்று பேத்தி குறித்துக்கொண்டாள்.

போர்வையின் அளவைப் பற்றியும் இருவரும் பேசினர். ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் இடையிலுள்ள இடைவெளி, சாதாரண வீட்டு இயந்திரங்களில் 16 அல்லது 17 சென்டிமீட்டர்தான் இருக்கும். இரட்டைக் கட்டிலுக்கான போர்வையைச் சுருட்டி அதற்குள் நுழைப்பது பெரும்பாடு. சிறுவனுக்கான போர்வை என்பதால் பாட்டிக்குக் கவலையில்லை. தவிர, வகுப்பில் யாரும் முழுப் போர்வையைத் தைப்பதில்லை. சதுரம் சதுரமாகத்தான் தைக்கின்றனர்.

சிங்கப்பூர் வரலாற்றில் இதற்கு ஒரு சான்று உண்டு. 1942ஆம் ஆண்டில், ஜப்பானியர் ஆட்சியின்போது, சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த பெண்கள் மூன்று குவில்ட் போர்வைகளைச் செய்தனர். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். ஒவ்வொரு பெண்ணும் தனக்குக் கிடைத்த சிறு சதுரத்தில் கையால் பூத்தையலிட்டுத் தன் பெயரையும் தைத்தார். வேறு பகுதியில் அடைபட்டிருந்த கணவன்மார், தங்கள் மனைவியர் உயிருடன் இருப்பதை அதன்வழி அறிந்தனர். அவற்றுள் இரண்டு போர்வைகள் இன்றும் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. வகுப்பாசிரியர் அவற்றின் படத்தைக் காட்டியது முதல், பாட்டியும் தம் போர்வையின் ஒரு மூலையில் பேரனின் பெயரைத் தைக்க எண்ணியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடைக்குச் சென்றனர். பாட்டி வெறுங்கையுடன் போகவில்லை. இரண்டு துண்டுப் பருத்தித் துணி, பஞ்சு விரிப்பு வைத்த மூன்றடுக்குத் துண்டு, பழைய ஜீன்ஸின் மடிப்பு ஆகியவற்றை எடுத்துச் சென்றார். கடைக்காரர் மாதிரிக்கு வைத்திருந்த மெல்லிய, விறைப்பான துணியில் எந்த இயந்திரமும் அழகாகவே தைக்கும்!

"இது புதிது, ஆன்ட்டி. கணினி வகை. நூறு தையல் உண்டு," என்று கடைக்காரர் ஓர் இயந்திரத்தைக் காட்டினார்.

"எவ்வளவு எடை, தம்பி?" என்று பாட்டி கேட்டார். எட்டு கிலோவுக்கு மேல் என்று பதில் வந்தது. பாட்டி அடுத்ததைப் பார்த்தார்.

மூன்றாவதாகப் பார்த்தது, உள்ளே உலோகச் சட்டமும் வெளியே நெகிழி உறையும் கொண்டது. எடை ஐந்தரை கிலோ. பாட்டி தம் மூன்றடுக்குத் துண்டை வைத்து, வேண்டுமென்றே மிக மெதுவாகத் தைத்தார். வேகமாகத் தைக்கும்போது மறைந்துவிடும் குறைகள் மெதுவாகத் தைக்கும்போது வெளிப்படும். ஊசி நிற்கவில்லை. பிறகு துணியைத் திருப்பி அடிப்பக்கத் தையலைப் பார்த்தார். நூல் முடிச்சிட்டுக்கொள்ளவில்லை. அடிநூல் சுற்றிய பாபினின் மேல்மூடி கண்ணாடி போல இருந்தது. எவ்வளவு நூல் மீதி இருக்கிறது என்று திறக்காமலே பார்க்கலாம். கடைசியாக, அதைக் கைப்பிடியில் தூக்கிக்கொண்டு கடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இருமுறை நடந்தார். கடைக்காரர் சிரித்தார், பாட்டி கண்டுகொள்ளவில்லை.

விலை 279 வெள்ளி. அதே வகை, வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் 40 வெள்ளி குறைவாக இருப்பதைப் பேத்தி கைப்பேசியில் காட்டினாள். ஆனால், அது அமெரிக்காவில் விற்பதற்கென்று செய்யப்பட்டது. அங்கு மின்னழுத்தம் 120 வோல்ட். இங்கு 230 வோல்ட். நேராக இங்குள்ள மின்செருகியில் இணைத்தால் மோட்டார் கருகிவிடும். மின்மாற்றி வாங்கினால் 40 வெள்ளி மிச்சமும் போய்விடும். தூக்குவதற்கு இன்னொரு சுமையும் சேரும். பழுதானால் இங்கே பழுதுபார்ப்பதும் கடினம். ஆஸ்திரேலியாவிலோ மின்னழுத்தம் இங்குள்ளது போலவே 230 வோல்ட். மின்செருகியின் வடிவம்தான் வேறு. அதற்குச் சிறிய மாற்றுச்செருகி ஒன்று போதும்.

பாட்டி 279 வெள்ளியைக் கொடுத்து இயந்திரத்தை வாங்கினார். மீதிப் பணத்தில் நடக்கும் பாதம் வாங்கியதும் கையிருப்பு ஏறக்குறையத் தீர்ந்தது. 6 மில்லிமீட்டர் பாதத்துக்குப் பணம் போதவில்லை. "ஊசித் தட்டின்மேல் 6 மில்லிமீட்டர் தள்ளி ஓர் ஒட்டுநாடாவை ஒட்டிக்கொண்டால் ஆயிற்று," என்றார் பாட்டி. அடுத்த சனிக்கிழமை அப்படித்தான் செய்தார். முதல் இரண்டு வரிசைகள் பொருந்தின. மூன்றாவதைப் பிரித்து மீண்டும் தைக்க நேர்ந்தது.

நவம்பர் இறுதியில், பயணத்திற்கு முன்னர், பேத்தி இயந்திரத்தை மிதி, மின்கம்பி, பை எல்லாவற்றோடும் சேர்த்து நிறுத்துப் பார்த்தாள். 6.7 கிலோ. அவர்கள் பயணம் செய்யவிருந்த விமானத்தில் கைப்பைக்கு 7 கிலோவரை அனுமதி இருந்தது. பாட்டி ஊசியைக் கழற்றிச் சிறு டப்பாவில் போட்டார். பாதத்தின் அடியில் ஒரு துணித்துண்டை வைத்து அதைக் கீழே இறக்கினார். கத்தரிக்கோலையும் துணி வெட்டும் சக்கரக் கத்தியையும் பேத்தி கைப்பையிலிருந்து எடுத்துப் பெரிய பெட்டிக்கு மாற்றினாள். அவற்றை விமானத்திற்குள் கொண்டுசெல்ல விடமாட்டார்கள்.

"மாற்றுச்செருகியை எடுத்து வைத்தாயா?" என்று பாட்டி கேட்டார்.

பேத்தி பட்டியலைப் பார்த்தாள். அது ஒன்றுதான் இன்னும் வாங்கவில்லை. பணப்பையை எடுத்துக்கொண்டு கீழே உள்ள கடைக்கு ஓடினாள்.