படகில் ஏன் எழுந்து நிற்கக் கூடாது? பிச்சாவரத்தில் படித்த ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்

செம் லீவ் வருது. உங்களில் பாதி பேர் இப்பவே "பிச்சாவரம் போலாமா?" என்று வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்திருப்பீர்கள். தாராளமாகப் போங்கள். போவதற்கு முன் இதை மட்டும் படித்துவிடுங்கள். இதில் ஒரு பறவை, ஒரு ஃபார்முலா, தண்ணீருக்குள் போன ஒரு போன், மூன்றும் இருக்கின்றன.

தெரியாதவர்களுக்காக: பிச்சாவரம் சிதம்பரத்துக்குப் பக்கத்தில், வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே இருக்கிற அலையாத்திக் காடு. மரங்களுக்கு இடையே ஓடும் வாய்க்கால்களில் துடுப்புப் படகில் போகலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகளும் வந்திருக்கும்.

என்ன நடந்தது

போன டிசம்பரில் நாங்கள் ஐந்து பேர் போனோம். படகுக்கார அண்ணனோடு ஆறு. லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். போட்டோவில் குண்டாகத் தெரிகிறோம் என்று வாரை மாட்டாமல் சும்மா தோளில் போட்டுக்கொண்டோம்.

தண்ணீர் வற்றிய நேரம். இரண்டு பக்கமும் சேறு வெளியே தெரிந்தது. ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் ஆண் நண்டுகள் அதை ஆட்டிக்கொண்டிருந்தன. மட்ஸ்கிப்பர் என்கிற மீன் சேற்றின் மேல் தாவித் தாவிப் போனது. இமயமலையிலிருந்தும் அதற்கு வடக்கே இருந்தும் குளிர்காலத்துக்கு இங்கே வரும் உள்ளான் ஒன்று வாலை ஆட்டி ஆட்டி இரை தேடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் இடது பக்கம் ஒரு சுரபுன்னை மரத்தின் வேரில் அதைப் பார்த்தேன். கருந்தலை மீன்கொத்தி. தலை கருப்பு, கழுத்தைச் சுற்றி வெள்ளை, முதுகு ஊதா கலந்த நீலம், அலகு சிவப்பு. "டேய், அங்க பாரு!" என்று நான் எழுந்தேன். இன்னும் மூன்று பேர் எழுந்து என் பக்கம் வந்தார்கள். படகு சட்டென்று சாய்ந்தது. விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. ஒருவன் கையிலிருந்த போன் போயே போச்சு. எங்களில் இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. அதில் ஒருவன் நான்.

அண்ணன் கத்தவில்லை. "யாரும் அந்தப் பக்கம் ஓடாதீங்க தம்பி. நின்ன எடத்துலயே உக்காருங்க" என்றார். உட்கார்ந்தோம். படகு நிமிர்ந்தது.

நான் சிவில். நாலாம் செமஸ்டருக்குள்ளேயே மெட்டாசென்டர் கேள்விக்கு 13 மார்க் பதில் எழுதி முடித்தவன். அன்றைக்கு முதலில் எழுந்து நின்றதும் நான்தான். ரூமுக்கு வந்ததும் பழைய நோட்டை எடுத்தேன்.

படகின் கணக்கு

மூன்று புள்ளிகள் போதும். மொத்த எடையும் செயல்படும் இடம் ஈர்ப்பு மையம், அதாவது ஜி. படகு ஒதுக்கிய தண்ணீரின் மையம் மிதப்பு மையம், அதாவது பி. படகு லேசாகச் சாயும்போது பி பக்கவாட்டில் நகரும். அங்கிருந்து மேல்நோக்கி ஒரு செங்குத்துக் கோடு போட்டால், படகின் நடுக்கோட்டை அது வெட்டும் இடம் மெட்டாசென்டர், அதாவது எம். ஜி-க்கு மேலே எம் இருந்தால் படகு நிமிரும். ஜி மேலே போய்விட்டால் கவிழும்.

இப்போது எண்கள். எல்லாம் நான் தோராயமாக எடுத்துக்கொண்டவை, அளந்தவை இல்லை. படகை 4 மீ. நீளம், 1.2 மீ. அகலம் உள்ள பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். படகு 240 கிலோ, ஆள் ஒருவர் 60 கிலோ. ஆறு பேரோடு 600 கிலோ. ஒதுக்கும் தண்ணீர் 0.6 கன மீட்டர்.

பி-யிலிருந்து எம்-க்கு உள்ள தூரம்: (4 × 1.2 × 1.2 × 1.2 ÷ 12) ÷ 0.6 = 0.96 மீ. படகின் அடியிலிருந்து பி சுமார் 6 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஆக எம் 1.02 மீ. உயரத்தில்.

ஈர்ப்பு மையத்தின் உயரம் காலிப் படகுக்கு 25 செ.மீ., உட்கார்ந்த ஆளுக்கு 55, நிற்கும் ஆளுக்கு 95 என்று வைப்போம். எல்லோரும் உட்கார்ந்தால் ஜி 0.43 மீ. உயரத்தில், எம்-க்கு இன்னும் 59 செ.மீ. இடைவெளி. நாலு பேர் எழுந்தால் ஜி 0.59-க்கு ஏறும், இடைவெளி 43 செ.மீ.

அந்த நாலு பேரும் 40 செ.மீ. ஒரு பக்கம் நகர்ந்தால், சாய்வின் டேன் மதிப்பு (240 × 0.4) ÷ (600 × 0.43) = 0.37. கிட்டத்தட்ட 20 டிகிரி. விளிம்பு 22 செ.மீ. இறங்கும். விளிம்பு தண்ணீருக்கு மேல் 30 செ.மீ. இருந்திருந்தால் மிச்சம் வெறும் 8. அதே நாலு பேர் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்து, அவர்கள் எடை 10 செ.மீ. மட்டும் நகர்ந்திருந்தால் விளிம்பு இறங்குவது 4 செ.மீ.தான்.

இந்த ஃபார்முலா சின்ன சாய்வுக்கு மட்டும். 20 டிகிரியில் உண்மை நிலைமை இன்னும் மோசம். உள்ளே வந்த தண்ணீரும் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடும். அண்ணன் ஏன் எதிர்ப்பக்கம் ஓடாதே என்றார் என்பதும் இப்போது புரியும். எல்லோரும் ஓடினால் படகு அதே வேகத்தில் அந்தப் பக்கம் சாயும். உட்கார்ந்தால் ஜி உடனே இறங்கும்.

இது பரீட்சைக் கணக்கு மட்டும் இல்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டு அடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த மிருகங்களைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கம் நகர்ந்ததும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது.

பறவையின் கணக்கு

நாங்கள் எழுந்ததும் மீன்கொத்தி பறந்துவிட்டது. அதற்கும் இது நஷ்டம்தான். வலசைப் பறவைகள் குளிர்காலம் முழுக்கத் தின்று கொழுப்பு சேர்த்தால்தான் திரும்பிப் போக முடியும். ஒவ்வொரு முறை விரட்டும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் செலவாகிறது. பறக்கும் முன் அது நமக்குச் சொல்லிவிடும்: இரை தேடுவதை நிறுத்தும், தலையைத் தூக்கும், நம்மையே பார்க்கும். அந்த இடத்தில் படகை நிறுத்தச் சொல்லுங்கள்.

போவதற்கு முன்

1. லைஃப் ஜாக்கெட்டின் எல்லா வாரையும் மாட்டுங்கள்.
2. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். சேறு தெரிந்தால்தான் நண்டும் உள்ளானும் தெரியும். அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்.
3. பறவை எந்தப் பக்கம் என்று மெதுவாகச் சொல்லுங்கள். கழுத்தை மட்டும் திருப்புங்கள்.
4. இடம் மாற வேண்டுமென்றால் அண்ணனிடம் கேட்டு, ஒருவர் ஒருவராக, குனிந்தபடி.

அன்றைக்குப் பத்து நிமிடம் அசையாமல் இருந்தோம். மீன்கொத்தி அதே வேருக்குத் திரும்பி வந்தது. நாங்கள் உட்கார்ந்தே பார்த்தோம்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். மேலே உள்ள கணக்கில் அகலத்தை 1.2-க்குப் பதில் 1 மீ. என்று மாற்றி, நாலு பேர் நிற்கும்போது ஜி-க்கும் எம்-க்கும் உள்ள இடைவெளியைக் கண்டுபிடியுங்கள். பி 7.5 செ.மீ. உயரத்துக்கு வரும், மறக்காதீங்க. எனக்கு வந்த விடை 4 செ.மீ.