சிவப்பு வட்டம் பொய் சொல்வது ஏன்?

மாணவர்களே, முகநூலைத் திறக்கிறீர்கள். செய்திக் குறியின் மேல் சிவப்பு வட்டத்தில் '1' என்று தெரிகிறது. ஆவலோடு தட்டிப் பார்த்தால் புதிய செய்தி எதுவும் இல்லை!

முகநூலின் இணையப்பக்கத்தில் இந்தக் கோளாறு முன்பு உண்மையிலேயே இருந்தது. பொறியாளர்கள் சரிசெய்வார்கள், கொஞ்ச காலத்தில் மீண்டும் தலைகாட்டும். 2014இல் நடந்த மாநாட்டில் அந்நிறுவனமே இதை எடுத்துச் சொல்லி, 'ஃபிளக்ஸ்' என்ற புதிய அமைப்பு முறையை அறிமுகப்படுத்தியது.

இணையப்பக்கம் பல கூறுகளால் ஆனது. மேலே எண்ணிக்கை, ஓரத்தில் உரையாடல் பெட்டி, நடுவில் செய்திப் பட்டியல் என எல்லாம் தனித்தனிக் கூறுகள். ஆனால் அவை காட்டுவதோ ஒரே தகவலை. இப்படி மாறிக்கொண்டே இருக்கும் தகவலை 'நிலை' என்கிறோம். ஒன்றில் ஏற்படும் மாற்றம் இன்னொன்றை மாற்ற, அது மூன்றாவதை மாற்ற, எது எதை மாற்றியது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிடும்.

பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கு ஒரு பக்கம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கூடையில் 2 நாசி லெமாக், 1 மைலோ. பட்டியல் ஒரு கூறு. மேலே '3' என்று காட்டும் கூடைக் குறி இன்னொரு கூறு. குறி தன் எண்ணைத் தானே சேமித்து வைத்தால் என்ன ஆகும்? பட்டியலில் ஒரு நாசி லெமாக்கை நீக்குகிறீர்கள். குறிக்குச் சொல்ல மறந்தால் அது '3' என்றே நிற்கும். முகநூலின் அதே தொல்லை!

எனவே கூடையை இரண்டு கூறுகளுக்கும் மேலே உள்ள தாய்க் கூறில் வையுங்கள். தகவல் அங்கிருந்து கீழே வரும். நீக்கும் பொத்தான் கூடையைத் தானே திருத்தாது. "இதை நீக்கு" என்று மேலே கோரிக்கை மட்டும் அனுப்பும். தாய்க் கூறு திருத்தியதும் இரண்டும் புதிய நிலையைப் பெறும். குறி எதையும் சேமிக்காது, வந்த பட்டியலை எண்ணிக் காட்டும். கணக்கிட்டு அறியக்கூடியதைச் சேமிக்கக் கூடாது என்பதில் நான் வகுப்பில் மிகவும் கண்டிப்பு.

பக்கம் பெரிதானால் தகவலைப் பல அடுக்குக் கூறுகள் வழியாகக் கடத்த வேண்டிவரும். அப்போது நிலையை வெளியே ஒரே களஞ்சியத்தில் வைக்கலாம். டான் அப்ரமோவும் ஆண்ட்ரூ கிளார்க்கும் 2015இல் உருவாக்கிய 'ரிடக்ஸ்' அத்தகையது. நான்கைந்து கூறுகள் உள்ள பள்ளித் திட்டப்பணிக்கு அது தேவையில்லை. சிலர் முதல் நாளே அதைத்தான் பதிவிறக்குகிறார்கள்!

எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிடவும் வேண்டாம். ஒரு பட்டி திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பது அந்தப் பட்டிக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

முயன்று பாருங்கள்: கூடையின் மொத்த விலை, மாணவர் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் தேடல் சொல், பட்டியலையும் கூடையையும் பாதிக்கும் 'விற்றுத் தீர்ந்தது' என்ற தகவல். இம்மூன்றில் தாய்க் கூறில் இருக்க வேண்டியது எது? எங்கும் சேமிக்கத் தேவையில்லாதது எது?