மரணக் கணக்கும் மாணவர் ஆராய்ச்சியும்

அரசாங்கத்தார் தொகுத்துவைக்கும் பிறப்பிறப்புக் கணக்குகளையும் நோய்க் கணக்குகளையும் ஆராய்ந்து, பொதுச் சுகாதாரத்திற்கு ஆவன கூறும்பொருட்டுப் பட்டம் பெற்ற மாணவர்க்கு உதவிச்சம்பளம் அளிக்கும் வழக்கம் இந்நாளிற் பல தேயங்களில் உண்டு. நம் கல்லூரியினின்றும் வெளிச்செல்வோரிற் சிலர் இத்துறையை நாடக்கூடும். ஆதலின், கணக்கைக்கொண்டு நோயின் காரணத்தைக் காண்பது எங்ஙனம் என்பதை ஒரு பழைய வரலாற்றின் வாயிலாக ஈண்டு ஆராய்வாம்.

வில்லியம் ஃபார் என்பார் 1807-இல் இங்கிலாந்தில் ஏழைக் குடியிற் பிறந்தவர். அவரை ஆதரித்த செல்வர் ஒருவர் 1828-இல் இறக்குங்கால் 500 பவுன் அவருக்கு வைத்துச் சென்றார். அப்பொருளே அவர் பாரிஸ் நகரஞ் சென்று மருத்துவம் பயில உதவியது. அதனை உதவிச்சம்பளம் என்று அக்காலத்தவர் கூறிலர். ஆயினும் அது செய்த வேலை அதுவே. நோயாளரை எண்ணிக் கணக்கிட்டு ஆராயும் முறையை ஆங்கு லூயி என்னும் ஆசிரியரிடம் கேட்டறிந்தார். 1837-இல் இங்கிலாந்தில் மரணப் பதிவு தொடங்கிற்று. ஈராண்டின்பின் ஃபார் அப்பதிவு நிலையத்தில் அமர்ந்து, மரண காரணங்களை வகைப்படுத்தும் பணியை மேற்கொண்டார்.

1849-இல் இலண்டனில் வாந்திபேதி பரவியது. தேம்ஸ் நதியின் மட்டத்தினின்று நிலம் உயர உயர மரணம் குறைவதை ஃபார் கணக்கிட்டுக் காட்டினார். தாழ்ந்த இடத்திற் றேங்கும் கெட்ட காற்றே காரணம் என்பது அவர் துணிபு. எண்களிற் பிழையில்லை, துணிபே பிழை. தாழ்ந்த பகுதியார் பலர் ஆற்றின் அழுக்கு நீரையே பருகினர் என்பதை அவ்வட்டவணை தானே எடுத்துரைக்கவில்லை.

ஜான் ஸ்நோ என்னும் மருத்துவரோ நீரையே ஐயுற்றார். தென் இலண்டனில் இரண்டு கம்பெனிகள் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு நீர் வழங்கின. லாம்பெத் கம்பெனி 1852-இல் நகரக் கழிவு சேராத மேற்றுறைக்குத் தன் நீர்வாயை மாற்றிக்கொண்டது. சதர்க் வாக்ஸால் கம்பெனி நகரத்தினுள்ளேயே முகந்தது. காற்றும் மேடும் செல்வநிலையும் இருசாரார்க்கும் ஒன்றே. நீர் ஒன்றே வேறு.

1854-இல் நோய் மீண்டபோது, இறந்தோர் முகவரிகளைப் பதிவு நிலையத்தினின்று பெற்று, ஸ்நோ வீடுவீடாகச் சென்றார். உமக்கு நீர் தருவோர் யாவர் என்று வினவினால், குடியிருப்போர் பலர்க்கு விடை தெரியவில்லை. வரி கட்டுபவர் வீட்டுக்காரர் அன்றோ! அப்போது ஒரு சிமிழ் நீரை வாங்கிச்சென்று வெள்ளி நைட்ரேட்டு இட்டுச் சோதித்தார். சதர்க் நீரில் ஒரு காலனுக்கு 37.9 கிரெயின் உப்பும், லாம்பெத் நீரில் 0.95 கிரெயினுமே இருந்தமையால், எவர் நீர் என்பது எளிதிற் புலப்பட்டது. இச்சிறு சூழ்ச்சியை யாம் அவருடைய நோய்ப் படத்தினும் மேலாக மதிக்கின்றோம்.

கம்பெனிகள் பார்லிமெண்டுக்குக் கொடுத்த வீட்டுத் தொகையையும் அவர் எடுத்துக்கொண்டார். ஏழு வாரங்களில் சதர்க் நீர் பெற்ற 40,046 வீடுகளில் 1,263 மரணம். லாம்பெத் நீர் பெற்ற 26,107 வீடுகளில் 98 மரணம். பதினாயிரம் வீட்டுக்கு முன்னது 315, பின்னது 37. இறந்தோர் தொகை ஓர் அரசாங்க ஏட்டில். வீட்டுத் தொகை மற்றோர் ஏட்டில். இரண்டையும் பொருத்தும் செய்தியோ எவ்வேட்டிலும் இல்லை, வீட்டு வாயிலிலேதான் இருந்தது.

இக்காலத்தில் இறந்தோர் பெயரும் முகவரியும் மறைக்கப்பட்டு, மாவட்டத் தொகையே மாணவர் கைக்கு எட்டுகின்றது. அது முறையே, பிறர் துன்பம் எல்லார்க்கும் திறந்த ஏடாதல் தகாது. ஆயின் வினா தெருவளவுக்கு இறங்கும்போது, உரிய அனுமதி பெற்று அத்தெருவிற்குச் செல்லக் காலமும் வழிச்செலவும் வேண்டும். மேசையிற் செய்யும் வேலைக்கு மட்டும் பொருளளித்து, நடைக்கு ஒன்றும் ஒதுக்காத உதவிச்சம்பளம் பாதி உதவியே என்பது எம் கருத்து.

ஃபார் உடனே இணங்கினாரல்லர். ஆயினும் 1854 ஆகஸ்டு இறுதிமுதல், வாந்திபேதியால் இறந்தோர் வீட்டுக்கு நீர் வழங்கிய கம்பெனி எது என்பதையும் குறிக்குமாறு தென் இலண்டன் பதிவாளர்க்குப் பதிவு நிலையத்தார் ஆணையிட்டனர். ஸ்நோ 1858-இல் இறந்தார். 1866-இல் கிழக்கு இலண்டனில் நோய் மூண்டபோது ஃபார் முதலில் நோக்கியது நீர்க் கம்பெனியின் எல்லைகளையே. வடிகட்டாத நீர் ஒரு துளியும் விடவில்லை என்று கம்பெனியின் எஞ்சினீயர் பத்திரிகைக்கு எழுதினார். அக்கம்பெனியின் நீர் பெற்ற இரண்டு வீட்டார் தங்கள் குழாய்களில் விலாங்கு மீன் கண்டனர்.